கழிக்கச் சொன்ன சோறு

சாப்பிடாமலேயே பருக்கிற வியாதி ஒன்று உண்டு என்று நான் சொன்னபோது நம்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் டாக்டர். இன்னொருவர், ஆஸ்பத்திரியில் எனக்கு அடுத்த கட்டிலில் கால் முறிந்து கிடந்த விழிஞ்ஞத்து மீன்பிடிக்காரர் லாசர். டாக்டர் நம்பியது படிப்பினால். லாசர் நம்பியதற்குக் காரணம் வேறு: நான் சாப்பிட வேண்டிய சோற்றை நான்கு நாள் அவர்தான் சாப்பிட்டார். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் கணக்கு வாத்தியார். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். இருபது வருஷமாகத் திருவனந்தபுரத்தில், சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் குடியிருக்கிறேன். கணக்குச் சொல்லிக் கொடுப்பது ஜீவனம். பத்திரிகைகளுக்குச் சிரிப்புக் கட்டுரை எழுதுவது சபலம். படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். கையெழுத்தை ஒத்துப் பார்த்தால் அந்தப் பலர் இரண்டு பேர்தான்.

போன வருஷம் மழைக்காலத்தில் என் சட்டைகள் எல்லாம் ஒரே சமயத்தில் சுருங்க ஆரம்பித்தன. வண்ணாரைக் கோபித்துக்கொண்டேன். பிறகு செருப்பும் சுருங்கியது. செருப்பை வண்ணாருக்குப் போடுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லாததால், பருத்தது நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

சாலையில் அரிசி மண்டி வைத்திருக்கும் நாடார் எனக்குப் பழக்கம். அவருடைய மூட்டைத் தராசில் உட்கார்ந்து எடை பார்த்தேன். ஒரு பக்கம் நான், மறு பக்கம் இரும்புப் படிக்கற்கள். நாடார் எடையை எனக்கு மட்டும் சொல்லியிருக்கலாம். ஆனால் மூட்டை எடையைக் கூவியே பழகிய தொண்டை.

"வாத்தியார் நூத்தித் தொண்ணூத்தெட்டு ராத்தல்!" என்று கடைத்தெரு முழுவதற்கும் அறிவித்துவிட்டு, "சாக்கு எடை கழிக்கல சார்" என்று என் வேஷ்டியைக் காட்டி ஆறுதல் சொன்னார்.

அன்று முதல் பட்டினி. ராத்திரிச் சோற்றை விட்டேன். தேங்காயை விட்டேன். தேங்காயை விட்டால் இந்த ஊர்ச் சமையலில் மிச்சம் இருப்பது பாத்திரம்தான். கோதுமைக் கஞ்சி குடித்தேன். குதிரை குடிக்கிற கொள்ளுத் தண்ணீரும் குடித்தேன். குதிரை ஓடுகிறது, அதற்குச் சரிப்பட்டு வரும். ஒரு மாதம் கழித்து நாடார் இருநூற்றுமூன்று என்று கூவினார்.

என் மனைவி பகவதிக்கு நாகர்கோவில். அதிகம் பேசமாட்டாள், பார்ப்பாள். அந்த மாதம் முழுக்கப் பார்த்தாள். கடைசியில், நான் வழக்கமாகப் போகும் காப்பிக் கடைக்கு நேராகவே போய், "எங்க வீட்டு சார் இங்க வந்து எவ்வளவு தின்னுகாரு?" என்று கேட்டுவிட்டாள். கடைக்காரர் கண்கலங்கி, "சார் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே அம்மா, என்மேல ஏதும் கோபமா?" என்றாராம். வீட்டுக்கு வந்து பகவதி இலையில் ஒரு கரண்டி சோறு கூடுதலாக வைத்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட மன்னிப்பு அது ஒன்றுதான். அதையும் நான் சாப்பிடவில்லை.

பருமன் மட்டும் என்றால் இந்தக் கதையை எழுதியிருக்க மாட்டேன். திருவனந்தபுரத்து மேட மாதத்துச் சித்திரை வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. கம்பளி போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். தோல் மரப்பட்டையாயிற்று. புருவத்தின் வெளிப் பாதி உதிர்ந்துபோய், எந்நேரமும் எதையோ கேட்டு வியந்தவன் போல ஒரு முகம் வந்து சேர்ந்தது. குரல் தடித்தது. எல்லாவற்றுக்கும் மேலே, தலைக்குள் ஏதோ மந்தம். ஒருவர் சொல்வது காதில் விழும். அர்த்தம் பின்னால் மாட்டு வண்டியில் வரும். பத்திரிகைக்குக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் பேனா காய்ந்துதான் மிச்சம். ஒரு நாள் கரும்பலகையில் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டே, பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கியவன், வாங்கிய இடத்திலேயே நின்றபடி தூங்கிவிட்டேன்.

ஹெட்மாஸ்டர் நல்ல மனிதர். "ரெண்டு மாசம் லீவ் எடுத்துக்கோங்க. ஓணம் கழிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது பார்க்கலாம். முடியலைன்னா, அப்புறம் நிரந்தரமாகவே ஓய்வு எடுத்துக்கலாம்" என்றார். அதில் இருந்த பயமுறுத்தல் எனக்கு மறுநாள்தான் புரிந்தது. புரிந்தபோது பயந்தேன். பருத்த வாத்தியாரை உலகம் பொறுத்துக்கொள்ளும். மந்தமான கணக்கு வாத்தியாரையும், ஹாஸ்யம் மறந்துபோன ஹாஸ்யக்காரனையும் என்ன செய்வது? என் உடம்பு போவது பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை, அது எங்கும் போகிறதாகவும் தெரியவில்லை. புத்தி திரும்புமா என்பதுதான் கேள்வி.

பெரிய ஆஸ்பத்திரியில் சீட்டு வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். நான்கு பேர் பெஞ்சு; நானும் பகவதியும் உட்கார்ந்ததும் அது நிறைந்துவிட்டது. டாக்டர் சீமையில் படித்துவிட்டு வந்த மலையாளி. எனக்கு வரிசை வரும்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வந்து, என்னை எழுப்பாமல் ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாராம். நோயை அப்போதே கண்டுபிடித்துவிட்டார் என்று நினைக்கிறேன். மற்றவை எல்லாம் எனக்குக் காட்டுவதற்காக.

கணுக்காலை விரலால் அழுத்தினார்; குழி விழவில்லை. குதிகாலுக்கு மேலே ஒரு ரப்பர்ச் சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பி வர யோசித்து யோசித்து வந்தது. "கண்டோ?" என்று பக்கத்தில் நின்ற மாணவர்களுக்குக் காட்டினார். அவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அன்றே வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். மறுநாள் காலை படுக்கையை விட்டு எழும்புமுன் நர்ஸ் அக்குளில் காய்ச்சல் குழாய் வைத்துப் பார்த்தாள். பாதரசம் ஏறவில்லை. குழாய் கெட்டுப்போயிற்று என்று உதறிவிட்டு வேறு ஒன்று வைத்தாள். அதுவும் ஏறவில்லை. கெட்டது நான்தான்.

டாக்டர் எனக்கு விளக்கியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சிறு கோளம் இருக்கிறது. அரிக்கேன் லாந்தரில் திரியை ஏற்றி இறக்க ஒரு திருகு உண்டல்லவா, அதுதான் இது. திருகு தளர்ந்தால் திரி இறங்கிவிடும். எண்ணெய் இருந்தும் எரியாது. உடம்பில் சூடு குறையும், தூக்கம் வரும், புத்தி மங்கும், தின்ற கொஞ்சமும் செலவாகாமல் தங்கும். போதாக்குறைக்குத் தோலுக்கு அடியில் ஒருவித வீக்கம்.

"நீராணு. தடி மாத்ரமல்ல, நீராணு" என்றார். மலையாளத்தில் பருமனைத் தடி என்பார்கள், வீக்கத்தை நீர் என்பார்கள்.

நான் நிரபராதி என்று சொல்லிவிட்டார்! பகவதியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

மருந்து ஒரு சின்ன மாத்திரை. அரை கிரெயினில் ஆரம்பித்து மெள்ள ஏற்ற வேண்டும். அவசரப்பட்டால் தூங்கிக்கொண்டிருக்கும் இருதயம் திடுக்கிட்டு எழுந்து ஓடும் என்பதால், சில வாரம் வார்டில் கிடந்து, காலையும் மாலையும் நாடி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டிய மருந்து. புட்டியின் மேல் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பகவதி கேட்டாள். படித்துச் சொன்னேன்: ஆட்டின் தைராய்டுக் கோளத்தை உலர்த்திப் பொடி செய்தது.

நாங்கள் தலைமுறை தலைமுறையாகச் சைவம். பகவதி வெகுநேரம் புட்டியையே பார்த்தாள். பிறகு சீட்டை நகத்தால் சுரண்டி எடுத்து மடியில் முடிந்துகொண்டாள்.

"முழுங்குங்கோ. மதினிக்கு மட்டும் தெரிய வேண்டாம்."

முதல் மாத்திரையை விழுங்கும்போது எனக்கு ஆட்சேபணை எதுவும் தோன்றவில்லை. தோன்றுகிற அளவுக்கு மூளை வேலை செய்யவில்லை. பத்து நாள் கழித்து லேசாக ஆட்சேபணை தோன்ற ஆரம்பித்தது. மாத்திரை பலிக்கிறது என்பதற்கு அதுவே முதல் அடையாளம்.

பகவதி சொன்ன மதினி, என் அக்கா கோமதி. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்ததால் பகவதியால் பகல் முழுக்க என்னோடு இருக்க முடியவில்லை; அக்காவுக்குக் கடிதம் போட்டோம். செங்கோட்டை வழியாக ரயிலில் வந்து தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கினாள். எதிர் பெஞ்சுக்காரர் அவித்த முட்டையை உரித்தார் என்பதற்காக, கொல்லம் வரை தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு வந்தவள். முகமெல்லாம் கரி. அப்படியே வார்டுக்கு வந்தாள்.

"ஏல சம்முவம், என்னல இப்பிடி ஊதிப் போய்க் கெடக்க? உங்கூட ரெண்டு பேரு படுத்திருக்காகளோன்னுல்லா நெனச்சேன்!"

அக்காவுக்கு மலையாளம் தெரியாது. தெரியாது என்பதும் அவளுக்குத் தெரியாது. "நம்ம பேச்சைத்தான கொஞ்சம் இழுத்துப் பேசுதான்" என்பது அவள் கொள்கை.

மறுநாள் டாக்டர் சுற்றி வரும்போது, பத்தியம் என்ன என்று அக்கா கேட்டாள். நான் ஏற்கெனவே பட்டினி கிடந்து பலவீனப்பட்டிருந்ததை டாக்டர் அறிவார். எனவே நிதானமாகச் சொன்னார்:

"சோறு கொறச்சு கழிக்கணம். கேட்டோ? திவசவும் கழிக்கணம்."

"கொறச்சுக் கழிச்சிரணும். தெனமும் கழிச்சிரணும். அவ்வளவுதானே?"

"அது மதி" என்று, அது போதும் என்கிற திருப்தியோடு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மலையாளத்தில் கொறச்சு என்றால் கொஞ்சம். கழிக்க என்றால் சாப்பிட. தினமும் கொஞ்சம் சோறு சாப்பிட வேண்டும் என்றார் டாக்டர். சோற்றைக் குறைத்து, அப்படியே கழித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள் அக்கா. இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவன், அதுவும் கழித்தலைச் சொல்லிக் கொடுத்தே வயிறு வளர்த்தவன், இருவருக்கும் நடுவில் படுத்திருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. அர்த்தம் வண்டியில் வந்துகொண்டிருந்தது.

பகவதி தினமும் மத்தியானத்துக்குத் தூக்குப் பாத்திரத்தில் அளவாகச் சோறு கொடுத்தனுப்புவாள். அக்கா மூடியைத் திறப்பாள். சோறு முழுவதையும் ஒரு இலையில் கவிழ்த்து லாசருக்கு நீட்டுவாள். எனக்கு வெள்ளரிக்காய், அவித்த புடலங்காய், நீர் மோர். லாசர் மரியாதை தெரிந்தவர். சாப்பிடத் தொடங்கும்முன் என்னைப் பற்றி விசாரிப்பார்.

"சாரு கழிச்சோ அக்கா?"

"கழிச்சாச்சு, கழிச்சாச்சு. அதான் உம்மகிட்ட வந்திருக்கு. நீரு சாப்பிடும்."

சார் சாப்பிட்டாயிற்று என்று லாசர் நிம்மதியாகச் சாப்பிடுவார். நான்கு நாளில் அவருடைய கன்னம் உப்பியது. "இவ்வட ஊணு பஹு சுகம்" என்று, பார்க்க வந்த அவர் மனைவியிடம் இங்கத்துச் சாப்பாட்டை மெச்சினார். அந்த அம்மாள் என் காலி வயிற்றுக்கு நேராகக் கை கூப்பிவிட்டுப் போனாள்.

ஐந்தாம் நாள் காலை எழுந்து நின்றேன். கட்டில் ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். நர்ஸ் பிடித்துக்கொண்டாள். நாடி குதிரையாய் ஓடியது. டாக்டர் வேகமாக வந்தார்.

"இன்னலெ சோறு கழிச்சில்லே?" என்றார். நேற்றுச் சோறு சாப்பிடவில்லையா?

"கழிச்சேனே!" என்றாள் அக்கா.

"எத்ர?"

"பூராவும் கழிச்சிட்டேன் அய்யா. ஒரு பருக்கை விடலை. நாலு நாளா அப்பிடித்தான்."

"முழுவன் கழிச்சோ?" டாக்டர் திகைத்தார். முழுச் சோற்றையும் தின்றவனுக்கு ஏன் மயக்கம் வருகிறது? பிறகு கோபம் வந்தது. "முழுவன் கழிக்கான் ஆரு பறஞ்ஞு? கொறச்சு கழிக்கான் அல்லே ஞான் பறஞ்ஞது!"

"கொறச்சா போதும்னு நீங்கதான் சொன்னீய. நான்தான் இருக்கட்டும்னு பூராவும் கழிச்சேன். தம்பி நல்லதுக்குத்தான்!"

டாக்டர் மருந்துச் சீட்டில் ஏதோ கிறுக்கிவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு நகர்ந்தார். ஒரு கட்டில் தாண்டினார். இரண்டு தாண்டினார். மூன்றாவது கட்டிலில் ஒருவரை நாக்கை நீட்டச் சொன்னார்.

அப்போதுதான் வண்டி வந்து சேர்ந்தது.

முதலில் வயிறு குலுங்கியது. மயக்கம் மறுபடியும் வருகிறது என்று அக்கா என் தோளைப் பிடித்தாள். பிறகு தொண்டையிலிருந்து ஒரு சத்தம். ஏழெட்டு மாதமாகத் திறக்காத கதவைத் தள்ளுவது போல ஒரு சத்தம். சிரிக்கிறேன்! கட்டில் கிரீச்சிட, கண்ணில் நீர் வர, வார்டே எழுந்து உட்கார்ந்து பார்க்கச் சிரித்தேன். டாக்டர் ஓடிவந்து மணிக்கட்டைப் பிடித்தார். மூச்சு கிடைத்த இடைவெளியில், தமிழுக்குக் கொஞ்சம், மலையாளத்துக்குக் கொஞ்சம் என்று விளக்கினேன். லாசர்தான் முதலில் புரிந்துகொண்டு, "அய்யோ, சாரின்றெ சோறோ!" என்று நெஞ்சில் கை வைத்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"இது எப்போ மனசிலாயி?"

"இப்பத்தான் டாக்டர். நீங்க மூணாவது கட்டிலுக்குப் போனப்போ."

"வந்த அன்னைக்கு இதைச் சொல்லியிருந்தா, ஓணத்துக்குத்தான் சிரிச்சிருப்பீங்க" என்று, தனக்கும் கொஞ்சம் தமிழ் வரும் என்பதை அன்றுதான் காட்டி, தமிழிலேயே சொன்னார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் அக்காவின் பக்கம் திரும்பி, "கண்டோ அக்கா, ஆட்டின்றெ குளிகை வேலை செய்யுந்நு!" என்றார்.

நான்கு நாளாக இரண்டு பாஷையிலும் ஒரு சொல்கூட ஒத்துப்போகாமல் படுத்திய விதி, இந்த இடத்தில் போய் ஆடு என்ற சொல்லை இரண்டுக்கும் பொதுவாக வைத்திருந்தது.

அக்கா என்னைப் பார்த்தாள். அலமாரியில் இருந்த புட்டியைப் பார்த்தாள். அதில் சீட்டுச் சுரண்டிய தடத்தைப் பார்த்தாள். தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மத்தியானம் வரவில்லை. பகவதிதான் வந்தாள். "மதினி வந்ததும் தலைக்குக் குளிச்சா. பெட்டியை எடுத்து வச்சிருக்கா" என்றாள்.

சாயங்காலம் நர்ஸ் கொடுத்த மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அரை கிரெயின். விழுங்கினால் அக்கா என் வீட்டில் இனி ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டாள். விழுங்காவிட்டால் திரி மறுபடியும் இறங்கும். அன்று காலை வந்த சிரிப்பு கடைசிச் சிரிப்பாக இருக்கும். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறேன். இரண்டில் எதைக் கழிப்பது என்று ஒன்றிலும் இல்லை. மாத்திரையைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்தேன். வெகுநாளைக்குப் பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவும் மாத்திரையின் குணம்தான்.

காலையில் அக்கா வந்தாள். நெற்றியில் புதுத் திருநீறு. கையில் தூக்கு, மடியில் ஒரு மட்டி வாழைப்பழம். லாசருக்குத் தனியாக ஒரு பொட்டலம். உட்கார்ந்து பழத்தை உரித்தாள்.

"நேத்து மாத்திரையைத் தின்னியா?"

"இல்லக்கா."

"எங்க?"

தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். இரண்டு விரலால், எறும்பைப் பிடிப்பது போலப் பிடித்து, பழத்துக்குள் அழுத்தினாள்.

"ராத்திரி பூரா யோசிச்சேன். அந்த ஆடு எதைத் தின்னு வளந்திருக்கும்? புல்லு, எலை, தழை. வேற ஒண்ணும் இல்லயே. நம்மளவிட சுத்தமான சைவம்லா அது. ம், வாயைத் தொற."

வாயைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன், அவள் கண்ணைப் பார்த்தால் என்னால் விழுங்க முடியாது.

"நேத்து நீ சிரிச்சது எப்பிடி இருந்துச்சு தெரியுமா? சின்னப் பிள்ளையில சிரிப்பியே, அப்பிடி" என்றாள். பிறகு தூக்கைத் திறந்து, "இன்னைக்குச் சோறு உனக்குத்தான். கழிக்காமத் தின்னு" என்றாள்.

மொத்தம் ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீக்கம் வடிந்தது, முகத்திலிருந்து பழைய முகம் மெள்ள வெளியே வந்தது. புறப்படும்போது டாக்டரிடம், இனி எடை தானாகவே போய்விடும் அல்லவா என்று கேட்டேன். நிரபராதி என்று விடுதலை ஆனவனின் தைரியம். அவர் என் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "கொறச்சு நீரு. பாக்கி சோறு" என்றார். மாத்திரை, நோயால் வந்ததை இறக்கும்; நாக்கால் வந்ததை இறக்க மாத்திரை கிடையாது. எடை குறைய வேண்டும் என்று மாத்திரையைக் கூட்டித் தின்றால் இருதயம் கெடும். ஒரு வேளையும் விடாமல், ஒரு வேளையும் அதிகமில்லாமல் சாப்பிட வேண்டும். சோறு மத்தியானத்துக்கு ஒன்றரைக் கரண்டி, ராத்திரி கோதுமை, பயறும் கீரையும் வேண்டியமட்டும், வறுத்த பலாச் சக்கையும் வாழைக்காய்ச் சர்க்கரைப் புரட்டியும் வேறு யாராவது தின்னும்போது பார்த்துக்கொள்ளலாம். தினமும் கிழக்கேகோட்டை வரை நடக்க வேண்டும். இவ்வளவு சாதாரணமான வைத்தியத்துக்கு இவ்வளவு பெரிய நோயா என்று எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது.

போன சனிக்கிழமை நாடார் நூற்றெழுபத்தொன்பது என்று கூவினார். கடைத்தெருவில் இரண்டு பேர் கை தட்டினார்கள். ஓணம் கழிந்து பள்ளிக்கூடம் திறக்கிறது. கரும்பலகையில் கடன் வாங்கி நிறுத்திய அந்தக் கணக்கை நேற்று வீட்டுத் தரையில் எழுதி முடித்துவிட்டேன், விடை வருகிறது.

இன்று அக்கா ஊருக்குப் புறப்படுகிறாள். மத்தியானம் அவளே பரிமாறினாள். ஒரு கரண்டி சோறு விழுந்தது. பயற்றுக் குழம்பு, வெள்ளரிக்காய்ப் பச்சடி. இரண்டாவது கரண்டியை முழுசாக அள்ளி இலைக்கு மேலே கொண்டுவந்தவள், டாக்டர் சொன்ன அளவு மறந்துபோய் நிறுத்தினாள்.

"ஏல, இதைக் கழிக்கணுமா?"

"எந்த ஊர்ப் பேச்சுல கேக்க, அக்கா?"

அவள் கேட்ட அதே மூச்சில் பதில் வந்துவிட்டது. வண்டி எதுவும் வரவேண்டியிருக்கவில்லை. அடுக்களையிலிருந்து பகவதி சிரிக்கிற சத்தம் கேட்டது. அக்காவுக்குப் புரிந்தபோது உடம்பெல்லாம் குலுங்கிற்று. குலுங்கியதில் கரண்டியும் குலுங்கி, சோறு முழுவதும் இலையில் விழுந்துவிட்டது.

அளவுக்கு மேல் விழுந்த பாதிக் கரண்டியை நான் கழித்துவிட்டேன். எந்தப் பாஷையில் என்பதை வரும் சனிக்கிழமை நாடார் கூவுவார்.